கையெழுத்துப் போன பிறகு

ஊராட்சித் தலைவராக இருந்தபோது என்னிடம் இருந்த ஒரு அதிகாரம், எம்.எல்.ஏ. ஆனதும் போய்விட்டது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. காசோலையில் கையெழுத்துப் போடுவதைத்தான் சொல்கிறேன். கிராம ஊராட்சியில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் பணம் வெளியே வரும்; கோடையில் மோட்டார் காயில் கருகினால் காலையில் கழற்றி அனுப்பி, சாயங்காலம் கட்டி வாங்கி, ராத்திரிக்குள் தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிடலாம். துணைத்தலைவர் முறைத்துக்கொண்டிருந்தால் அதுவும் நடக்காது, அது வேறு கதை.

எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று ஊருக்கே தெரியும். அதில் ஒரு ரூபாயைக்கூட நான் தொட முடியாது என்பது தெரியாது. பரிந்துரைப்பது என் வேலை, நிர்வாக அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர். "தலைவரா இருந்தப்ப உடனே செஞ்சீங்க, இப்ப லெட்டர்தான் தர்றீங்களேம்மா" என்று ஒரு பெரியம்மா முகத்துக்கு நேராகவே கேட்டார்.

சட்டமன்றத்தில் நம் கையில் இருப்பது வாய்தான். புதிதாக வருகிறவர்கள் "என் தொகுதியில் இந்தச் சாலையைப் போட அரசு முன்வருமா" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்; "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும், முடிந்தது. ஊராட்சித் தலைவர், பிறகு ஊராட்சி ஒன்றியக் குழுத் தலைவர் என்று வந்தவளுக்கு அந்தச் சாலை யாருடையது என்று தெரியும். அது ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை அமைச்சரிடம் தார் கேட்டுப் பயனில்லை, இதர மாவட்டச் சாலையாகத் தரம் உயர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டும், அதற்கு முன்பே ஒன்றியக் குழுவில் தீர்மானம் போட்டு, எத்தனை பேருந்து போகிறது, எந்தெந்த ஊரை இணைக்கிறது என்ற கணக்கையும் வைத்திருக்க வேண்டும். துணைக் கேள்வியில் அந்தத் தீர்மானத்தைச் சொன்னதும், "பரிசீலிக்கப்படும்" என்று வந்திருக்க வேண்டிய பதில் "ஆய்வு செய்து எடுத்துக்கொள்ளப்படும்" என்று வந்தது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் அமைச்சர் சபையில் தரும் வாக்கைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதனால் எந்த வார்த்தையில் பதில் வாங்குகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது.

வந்த வழி பெரிதாக ஒன்றுமில்லை. ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, நின்றேன். கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆரம்பத்தில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் என் வீட்டுக்காரருக்குத்தான் போகும். ஒருநாள் அவரே "தலைவர் நம்பருக்குப் பேசுங்க சார், எனக்கு வயல்ல வேலை இருக்கு" என்று வைத்துவிட்டார், அப்புறம் சரியானது. கணவரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்ட ஊராட்சிகளை, ஒன்றியக் குழுத் தலைவரான பிறகு நிறையப் பார்த்தேன்.

அதற்கு மேலேதான் வழி அடைபடுகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 33 சதவீதமாக இருந்த ஒதுக்கீடு 2016-ல் 50 ஆனது, சட்டம் சொல்வதால் கட்சிகளே பெண்களைத் தேடி வருகின்றன. சட்டமன்றத்துக்கு 2023-ல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள், ஆனால் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று முடிச்சுப் போட்டார்கள். 2021 தேர்தலில் 234 தொகுதிகளில் ஜெயித்த பெண்கள் 12 பேர். 1996-ல் தூத்துக்குடி மாவட்ட ஊராட்சித் தலைவராகி, 2006-ல் எம்.எல்.ஏ. ஆன கீதா ஜீவன் போன்றவர்கள் உண்டு. அவருடைய அப்பாவும் அதே தொகுதியில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். அப்படிப் பின்புலம் இல்லாத என்னிடம், எம்.எல்.ஏ. சீட்டுக்காகக் கட்சி நடத்திய நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு செலவு பண்ணுவீங்க". செய்த வேலைகளின் பட்டியலைக் கொண்டுபோயிருந்தேன், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. மாவட்டத்தில் இரண்டு கோஷ்டியும் ஒருவர் பெயரை ஒருவர் அடித்ததில், இரு பக்கமும் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக என் பெயர் மிஞ்சியது. சீட்டு கிடைத்த கதை அவ்வளவுதான், அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

யோசனை கேட்டு வரும் தலைவர்களிடம் ஒன்று மட்டும் தவறாமல் சொல்கிறேன்: தீர்மானப் புத்தகத்தின் நகலை எடுத்து வீட்டில் வையுங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்ட காலத்தில், தாங்களே போட்ட பழைய தீர்மானத்தைத் தேடி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.