போலந்து மன்னர்கள்: 154 சென்டிமீட்டர் காலக்கோடு

போலந்து முடியாட்சியின் காலக்கோட்டைச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு வரைய ஆரம்பித்து இது மூன்றாவது வாரம். ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர். முதல் முடிசூட்டு விழா நடந்த 1025 முதல் கடைசி அரசர் முடி துறந்த 1795 வரை 770 ஆண்டுகள், மொத்தம் 154 செ.மீ. சார்ட் பேப்பரைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டினேன். முடிசூடிய அரசர் இருந்த காலத்துக்குச் சிவப்பு.

முதல் வாரமே தப்பு செய்தேன். 1025இலிருந்து ஒரே இழுப்பாகச் சிவப்பு தீட்டிவிட்டேன். அப்புறம் சரிபார்த்தால், இரண்டாம் பொலெஸ்வாஃப் 1079இல் நாட்டை விட்டு ஓடிய பிறகு 1295 வரை யார் தலையிலும் முடி இல்லை! கோமகன்கள் பங்கு பிரித்து ஆண்டிருக்கிறார்கள். 43 செ.மீ. நீளத்துக்கு வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தேன். 1320இல் முடிசூடிய விளாடிஸ்லாஃபிடம் சிவப்பு மறுபடி நிலைக்கிறது. அவருடைய பட்டப்பெயரான லோகியெத்தெக், முழம் என்ற சொல்லிலிருந்து வந்தது. முழ உயரத்து மன்னர்! அவரைக் கோட்டில் எழுதும்போது அவ்வளவு சந்தோஷம்.

சரி, முடியாட்சி வலுவிழந்ததைக் காட்டச் சிவப்பை எங்கிருந்து மங்க வைப்பது? யாகியெல்லோ வம்சம் வாரிசில்லாமல் முடிந்த 1572 என்றுதான் நினைத்தேன். பிரபுக்கள் அரசரைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது அதன் பிறகு. முதலில் வந்த வலுவா ஹென்றி, முடிசூடிய நான்கே மாதத்தில் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரான்சுக்குப் போய்விட்டார். கோட்டில் அவருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பென்சில் முனையால் ஒரு கீறல்தான். ஆனால் நாடு மிக விரிந்து கிடந்தது அதற்கும் பிறகு, 1619 வாக்கில். தேர்தலை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் 1652இலிருந்து மங்க வைக்கத் தொடங்கினேன். நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினரின் மறுப்பால் கூட்டம் முழுக்கக் குலைந்த ஆண்டு அது. மூன்றாம் அகஸ்டஸின் சுமார் முப்பது ஆண்டு ஆட்சியில் முறையாக முடிந்த கூட்டம் ஒன்றே ஒன்று, 1736இல். 6 செ.மீ. பட்டையில் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்க்கும்போது வயிறு பிசைகிறது.

1791 மே 3 அரசியல் சட்டம் அந்த மறுப்புரிமையை ஒழித்தது. கோட்டின் முனைக்கு 9 மில்லிமீட்டர் இருக்கும்போது! அந்த இடத்தை மங்கலாக விடக் கை வரவில்லை, அடர்சிவப்பாக அழுத்தித் தீட்டினேன்.

நேற்று 1795க்கு அப்பால் 28 மில்லிமீட்டர் தாள் கூடுதலாக ஒட்டினேன். கிராக்கோ நகரின் வாவெல் அரசக் கோட்டையிலிருந்து, போலந்தைப் பங்குபோட்ட பிரஷ்யர்கள் தூக்கிப்போன மணிமுடிகளை 1809இல் உருக்கிவிட்டார்கள். அதைக் கறுப்பில் குறித்திருக்கிறேன். முடிசூட்டு வாள் ஷ்செர்பியெட்ஸ் தப்பித்து இன்றும் வாவெலில் இருக்கிறது. அதை இந்த வாரம் வரைய வேண்டும்.