பத்திரப் பதிவில் மருமகள் குடும்பத்தில் சேர்த்தியில்லை

எழுபத்தாறு வயதான என் தந்தையார் தமது தென்னந்தோப்பை எனக்கும் என் மனைவிக்கும் சரிபாதியாகத் தான செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல், தம் வாழ்நாளிலேயே சொத்தை உரிமை மாற்றித் தரும் பத்திரம்) எழுதிவைக்க விரும்பினார். நான் வெளியூர் வேலையில் இருப்பவன். பத்து ஆண்டுகளாகத் தோப்பைக் கட்டிக் காப்பவர் என் மனைவிதான். உயில் எழுதினால் முத்திரைத் தீர்வையே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மருமகள் பெயரில் பட்டாவைத் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எதிலும் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய் (2023 ஜூலைக்கு முன் இவை 25,000, 4,000 என்றிருந்தன). அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்புப்படி தோப்பு 48 லட்சம் பெறுவதால் 50,000 ரூபாயோடு முடிந்துவிடும் என்று பத்திர எழுத்தர் உறுதி கூறியதை நம்பி, டோக்கன் போட்டு, இரண்டு சாட்சிகளையும் அழைத்துக்கொண்டு பத்திரப் பதிவு அலுவலகத்துக்குச் சென்றோம்.

இரண்டரை மணி நேரக் காத்திருப்புக்குப் பின் எங்கள் முறை வந்தது. பத்திரத்தைப் புரட்டிய அலுவலர், "மருமகள் குடும்பத்தில் வரமாட்டார். அவர் பாதிக்கு 7 சதவீதத் தீர்வை, 2 சதவீதக் கட்டணம்" என்று தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டு அடுத்த டோக்கனை அழைத்தார். சட்டம் சொல்லும் குடும்பத்தில் பெற்றோர், கணவன், மனைவி, மகன், மகள், பேரக்குழந்தை எல்லாம் உண்டு. மருமகனும் மருமகளும் இல்லை. ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை. வயதானவரை உட்காரவைத்து இதை விளக்க அரை நிமிடம் போதுமே என்பதுதான் என் ஆதங்கம். பத்திர எழுத்தர் மீதுள்ள கோபம் வேறு வகை. இதை அறிந்திருக்க வேண்டியவர் அவர்தான்.

மனைவியின் 24 லட்சத்துக்கு 9 சதவீதமாக 2,16,000 ரூபாய், என் பாதிக்கு 34,000 ரூபாய், ஆக இரண்டரை லட்சம். பதிவு செய்யாமலே திரும்பினோம்.

வேடிக்கை என்னவென்றால், வருமான வரிச் சட்டத்தில் மாமனார் உறவினரே. அவர் மருமகளுக்குக் கொடுக்கும் சொத்துக்கு வரி கிடையாது என்று அன்று மாலை ஆடிட்டர் சொன்னார். ஒரே பெண் ஒரு சட்டத்துக்கு உறவு, இன்னொன்றுக்கு அந்நியர். வழியையும் அவரே காட்டினார்: தோப்பு முழுவதையும் தந்தை எனக்கு எழுதட்டும், அதில் பாதியை நான் மனைவிக்கு எழுதலாம். முதல் பத்திரத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 34,000, மொத்தம் 84,000 ரூபாய்.

புதிய வரைவை இம்முறை வரிவரியாகப் படித்தேன். தந்தையின் வாழ்நாள் அனுபவ உரிமை, அதாவது அவர் உள்ளவரை தோப்பை அவரே அனுபவிக்கும் உரிமை, குறித்த பத்தி விடுபட்டிருந்தது. பதிவான செட்டில்மெண்டை எழுதிக்கொடுத்தவர் பின்னாளில் தாமாகவே ரத்து செய்ய இயலாது. எனவே தந்தையே வேண்டாம் என்று மறுத்தும், அதைச் சேர்த்த பிறகே கையெழுத்திடச் சொன்னேன். இதைச் செய்பவர்கள் வரைவை முந்தைய நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். அலுவலக வாசலில் படிக்க அவகாசம் கிடைக்காது.

இரண்டு பத்திரங்களும் அடுத்தடுத்த வாரங்களில் பதிவாயின. இரண்டாவதற்கும் பத்திர எழுத்தர் முழுக் கூலி கேட்டார். முதல் நாள் அலைச்சலை நினைவூட்டியதும் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.