பைக்கால் ஏரியின் மேல் ஒரு நடை

குளிர்காலத்தில் ஓல்கோன் தீவுக்குப் படகு கிடையாது. சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரிலிருந்து கிளம்பிய வேன், கரை வந்ததும் நேராக பைக்கால் ஏரியின் மேல் இறங்கி ஓட ஆரம்பித்தது. கீழே 1 மீட்டர் பனிக்கட்டி, அதற்கும் கீழே உலகிலேயே ஆழமான ஏரி. அதிகபட்ச ஆழம் 1,642 மீட்டர்.

வழியில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். பனிக்கட்டி கண்ணாடி மாதிரி தெளிவு. அடியிலிருந்து கிளம்பிய மீத்தேன் குமிழிகள் ஒன்றின்மேல் ஒன்றாக, வெள்ளைத் தட்டுகளாக உறைந்து நின்றன. ஒரு வெடிப்பு உள்ளே திரைபோல இறங்கிப்போனது.

இவ்வளவு பெரிய கட்டி ஏன் மூழ்கவில்லை? காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை இழுக்கிறது. திரவத்தில் இந்தப் பிணைப்புகள் நொடிக்குள் கோடிக்கணக்கான முறை அறுந்து மறுபடி சேரும். உறைந்தால் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. நெரிசலில் நின்றவர்கள் கையை முழுக்க நீட்டிக் கோத்துக்கொண்டால் எப்படி இடம் பிடிக்குமோ, அப்படி. பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது; கட்டி மிதக்கிறது. பெரும்பாலான பொருள்கள் உறைந்தால் தம் திரவத்திலேயே மூழ்கிவிடும்.

எனக்கு இதில் பெரிய வியப்பு, நெர்பா சீல்கள்தான். நன்னீரில் மட்டுமே வாழும் இந்த இனம் குட்டி போடுவது பனிக்கட்டியின் மேல், பனிக்குள் குடைந்த வளையில். கட்டி மூழ்கும் பொருளாக இருந்தால் அவற்றுக்குத் தொட்டிலே இல்லை.

அப்புறம், இங்கே நவம்பரிலேயே கடுங்குளிர் வந்துவிடும். ஆனால் ஏரி முழுக்க உறைய ஜனவரி ஆகிவிடுகிறது. நீர் சூடாகும்போது வெப்பத்தில் ஒரு பங்கு பிணைப்புகளைத் தளர்த்தவே செலவாகும்; குளிரும்போது அதெல்லாம் திரும்பி வெளியே வர வேண்டும். அதனால்தான் இந்தத் தாமதம். நீரைவிடக் கனமான மூலக்கூறு கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு இந்தப் பிடிப்பு மிகக் குறைவு.

திரும்பும் வழியில் லிஸ்த்வியான்காவுக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். அங்காரா ஆறு ஏரியிலிருந்து பிரியும் இடம் அது. ஆழத்து நீர் உறைநிலையைவிடச் சில டிகிரி சூடு, 4 டிகிரியை ஒட்டி வரும்போதுதான் நீருக்கு அடர்த்தி அதிகம் என்பதால் அது கீழேயே தங்குகிறது. ஆனால் ஆறு பிரியும் இந்த இடத்தில் அந்த நீர் மேலேறி ஆற்றில் பாய்வதால், கடுங்குளிரிலும் அங்கே ஆறு உறைவதில்லை. காட்டு வாத்துகள் ஆயிரக்கணக்கில் அங்கேதான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. காலையில் போனால் நன்றாகப் பார்க்கலாம்.