அகஸ்டாவில் 12 நாட்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிப்பவர்கள் ஜோஷுவா சேம்பர்லினைக் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் சந்தித்துவிட்டு, பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மெய்ன் மாநிலத்தின் பௌடின் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர், ஐரோப்பாவுக்குப் போய்ப் படிக்கக் கல்லூரி அளித்த விடுப்பைப் பயன்படுத்தி 1862இல் வட மாநிலங்களின் படையில் சேர்ந்தார். 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கின் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் தோட்டாக்கள் தீர்ந்துகொண்டிருந்த வேளையில், துப்பாக்கிமுனைக் கத்திகளோடு தம் படையைச் சரிவில் பாயச் செய்து எதிரியை விரட்டினார். அதற்காக, அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் 1893இல்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அவருடைய துணிவின் உச்சமாக எனக்குப் படுவது, போர் முடிந்து 15 ஆண்டுகள் ஆகப்போகும் வேளையில், 1880 ஜனவரியில் அவர் அரசியலில் காட்டிய உறுதிதான்.

அரசியலுக்கு வந்தபோதே அவர் உடல் சிதைந்திருந்தது. 1864 ஜூனில் பீட்டர்ஸ்பர்க் போர்க்களத்தில் ஒரு குண்டு அவருடைய இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துளைத்துச் சென்றது. வாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வீரர்கள் தம்மைக் கடந்து முன்னேறும்வரை நின்ற பிறகே அவர் விழுந்தார். பிழைக்கமாட்டார் என்று எண்ணிய வட மாநிலப் படைகளின் தலைமைத் தளபதி கிராண்ட், உடனடியாக அவரைப் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தினார். பத்திரிகைகளில் மரணச் செய்தியே வந்துவிட்டது. ஆறாத அந்தக் காயத்தோடுதான், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மெய்ன் ஆளுநர் பதவியை ஓராண்டுப் பதவிக்காலத்துக்கு ஒன்றாக நான்கு முறை வென்று 1871 வரை வகித்தார். மதுவிலக்கை நடைமுறைப்படுத்தத் தனிக் காவல்படை வேண்டும் என்ற கோரிக்கையை அவர் ஆதரிக்காததால், சொந்தக் குடியரசுக் கட்சியிலேயே பலர் முகம் சுளித்தனர்.

1879 தேர்தலில் எந்த ஆளுநர் வேட்பாளருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காததால், முடிவு சட்டமன்றத்தின் கைக்குப் போனது. அப்போதைய ஆளுநரான ஜனநாயகக் கட்சியின் கார்செலனும் அவருடைய ஆலோசனைக் குழுவும், வாக்கு அறிக்கைகளில் பெயர்கள் பிழையாக எழுதப்பட்டிருப்பது போன்ற குறைகளைக் காட்டி, சட்டமன்றத்துக்கு வென்ற குடியரசுக் கட்சியினர் பலரை விலக்கியதும் தலைநகர் அகஸ்டாவில் இரு தரப்பும் ஆயுதம் ஏந்தத் தொடங்கின. கார்செலனின் பதவிக்காலம் முடிந்து அடுத்த ஆளுநர் யார் என்று தெரியாதிருந்த இடைவெளியில், கல்லூரித் தலைவராகவும் மாநிலக் குடிப்படையின் தலைமைத் தளபதியாகவும் இருந்த சேம்பர்லினிடம் அமைதி காக்கும் பொறுப்பு வந்தது. அவரோ அரசு மாளிகையில் குவிக்கப்பட்டிருந்த ஆயுதக் கும்பலை வெளியேற்றினார். குடிப்படையைத் திரட்டாமல் நகரக் காவலர்களையே நம்பினார். மெய்ன் மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வரும்வரை யாரையும் ஆளுநராக ஏற்க முடியாது என்று இரு தரப்பிடமும் சொல்லிவிட்டார். தம்மைக் கொல்ல வந்த கூட்டத்தின் எதிரே மேலங்கியைத் திறந்து மார்பைக் காட்டி நின்றார் என்றும், கூட்டத்திலிருந்த பழைய படைவீரர் ஒருவர் அவருக்காக முன்வந்தார் என்றும் சொல்வார்கள். அந்த 12 நாட்களில் ஒன்றை இன்னொரு ரவுண்ட் டாப் என்றே அவர் தம் மனைவிக்கு எழுதினார்.

தீர்ப்பு குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகவே வந்தது. ஆயினும் நெருக்கடியில் தங்கள் பக்கம் சாயாதவரைக் கட்சித் தலைவர்கள் மன்னிக்கவில்லை. 1881இல் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் மெய்னின் இரண்டு இடங்களும் காலியானபோது, அவற்றை அவருக்குத் தராமல் ஹேல், ஃபிரை என்ற வேறு இரு கட்சிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு சேம்பர்லின் எந்தத் தேர்தல் பதவிக்கும் வரவில்லை. 1900இல் போர்ட்லண்ட் துறைமுகச் சுங்கத்தில் கிடைத்த ஒரு நியமனப் பதவியில்தான், 1914இல் இறக்கும்வரை இருந்தார்.