இனிஷீர் தீவில் ஒரு பிளாசி

அயர்லாந்தின் லிமெரிக் நகரத்துக்குக் குடிவந்த புதிதில் பல்கலைக்கழகம் இருக்கிற பகுதிக்குப் பிளாசி என்று பெயர் இருப்பதைப் பார்த்துக் குழம்பிப்போனேன். பள்ளியில் 1757 என்று மனப்பாடம் செய்த அதே பிளாசிதான், ராபர்ட் கிளைவ் இங்கே நிலம் வாங்கிப் போரில் ஜெயித்த ஊரின் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்.

அந்தப் பெயரை மறுபடி ஒரு தீவில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. போன ஜூனில் டூலினிலிருந்து படகேறி இனிஷீருக்குப் போனோம். ஏரன் தீவுகள் மூன்றில் சின்னது, 300 பேருக்குக் கொஞ்சம் மேலே இருப்பார்கள். படகில் மனைவி கண்ணை மூடியவள் துறை வந்துதான் திறந்தாள். குதிரை வண்டிக்காரப் பெரியவர் எங்களிடம் ஆங்கிலத்திலும் குதிரையிடம் ஐரிஷிலும் பேசினார். லிமெரிக்கில் நான் பெயர்ப்பலகையில் மட்டும் பார்த்த மொழி அது.

வழியெல்லாம் சுண்ணாம்புக்கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள், நடுவே சாந்து கிடையாது, இடுக்கு வழியாகக் கடல் தெரிகிறது. கல்லறை மேட்டில் புனித கேவானின் கோயில், தரைக்கு மேலே அல்ல, மணலுக்குள்ளே. படியிறங்கித்தான் போகவேண்டும், கூரை இல்லை. வருஷா வருஷம் ஜூன் 14 அவர் திருநாளுக்கு ஊர்க்காரர்கள் மணலை அள்ளி வெளியே போடுகிறார்கள், காற்று திரும்பக் கொண்டுவருகிறது. இன்னொரு பக்கம் வெண்கலக் காலத்துப் புதைமேடு ஒன்று, 1885-இல் புயல் மணலைக் கலைத்தபோதுதான் வெளியே தெரிந்ததாம். மூடுவதும் அதே மணல், திறப்பதும் அதே மணல்!

அப்புறம் கிழக்குக் கரையில் அந்தக் கப்பல். வயிறு கிழிந்து, உள்ளே வானம் தெரிய, தேயிலைச் சக்கை நிறத்தில் துரு. பெயர் பிளாசி. 1960 மார்ச்சில் புயலில் பாறையில் மோத, தீவுக்காரர்கள் கயிறு வீசி, அதில் தொங்கவிட்ட மிதவையில் ஒவ்வொருவராக இழுத்து, 11 பேரையும் கரைசேர்த்தார்கள். சில வாரம் கழித்து இன்னொரு புயல் கப்பலையே பாறைமேல் தூக்கிவைத்துவிட்டது.

திரும்பும்போது பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்று சொல்ல வந்தவன் ஏனோ லிமெரிக் என்றேன். வழக்கமாக அடுத்து "இல்லை, சொந்த ஊர்?" என்று கேட்பார்கள். இவர் கேட்கவில்லை. "அப்படியா, அந்தக் கப்பல் கம்பெனியும் உங்க ஊர்தான்" என்று சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.