பதினொரு மாதக் கணக்கு

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலான செய்தியை, எங்கோ நடக்கும் விஷயமாகத்தான் படித்தேன். இரண்டே மாதத்தில் எங்கள் அலுவலகத்தில் எனக்கு எதிர் வரிசையில் மூன்று மேசைகள் காலியாகிவிட்டன. காலையில் ஓர் அறைக்கு அழைத்தார்கள், மதியத்துக்குள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என்னை அழைக்கவில்லை. "உனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே" என்றார்கள் நண்பர்கள். ஆனால் என் தூக்கம் போனது அந்த வாரத்தில்தான்.

இரவு மூன்று மணி வாக்கில் விழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும், கழுத்தெல்லாம் வேர்த்திருக்கும். வேலை போகும், தவணை கட்ட முடியாது, வீடு கையை விட்டுப் போகும், மகளின் படிப்பு நிற்கும் என்று மனம் ஒரே வழியில் ஓடும். அரை நிமிடத்தில் கடைசிப் படிக்கு வந்துவிடும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும். விடியும்வரை இதே ஓட்டம்தான்.

பகலில் வேறு மாதிரி. கணினியில் பங்குச்சந்தைக் குறியீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கு நாலு தடவை பார்ப்பேன். பங்குகளில் எனக்கு ஒரு காசு முதலீடு கிடையாது. இருந்தாலும் அது இறங்கினால் வயிற்றைப் பிசையும், ஏறினால் இது நிலைக்காது என்று தோன்றும். எந்த நிறுவனத்தில் எத்தனை பேரை வேலையைவிட்டு எடுத்தார்கள் என்ற செய்திகளை ஒன்று விடாமல் படித்தேன். ஆனால் என் வங்கியிலிருந்து வந்த கடிதங்களை உறைகூடப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். உலகத்தின் கணக்கை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவன், சொந்தக் கணக்கை நான்கு மாதமாகத் திறக்கவே இல்லை. இது எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை.

மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் மகள் வந்து, "அப்பா, ஏன் எப்பவும் கோவமாவே இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் கோபப்படுவதாகவே எனக்குத் தெரியாது. உள்ளே பயமாக இருந்தது வெளியே அப்படித் தெரிந்திருக்கிறது.

2009 ஜனவரியில் ஒரு நாள் அலுவலகப் படிக்கட்டிலேயே மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டேன். மாரடைப்பு என்றே நினைத்தேன். டாக்டர் ஈசிஜி எடுத்தார், தைராய்டுக்கும் சேர்த்து ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வருமாம். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். அது பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாள், பெயர் ஜிஏடி-7 என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. எனக்குப் பதினாறு வந்தது.

அந்தப் பதினாறைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில்தான். நான் கோழை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு ஒரு பெயரும் அளவும் இருந்தன. மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். முதலில் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள், தேவைப்பட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களை அறிவேன், மாத்திரைதான் அவர்களை எழுந்து உட்கார வைத்தது. இந்த வழியில் போகிற யாருக்காவது, உயிரோடு இல்லாமலே போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூடக் காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடமோ பக்கத்தில் இருப்பவரிடமோ வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆலோசகர் முதலில் கொடுத்த பயிற்சி எனக்கு விசித்திரமாகப் பட்டது. கவலைப்படுவதற்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னார். ஒரே நேரம், ஒரே நாற்காலி, ஆனால் படுக்கையில் கூடாது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு, மாலை பார்த்துக்கொள்கிறேன் என்று தள்ளிவைக்க வேண்டும். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1983-இல் எழுதிய முறை இது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் வேண்டுமானாலும் கவலைப்பட்டுப் பழகியவனுக்குப் பார்க்கிற எல்லாமே கவலையை நினைவூட்டும், அதனால் கவலையை ஓர் இடத்தில் கட்டிப்போட வேண்டும் என்பது அதன் அடிப்படை.

முதல் வாரம் சுத்தமாக வரவில்லை. தள்ளிவைத்த கவலை ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து நின்றது. இரண்டாவது வாரம், மாலை ஆறரைக்கு நோட்டைத் திறந்தபோது ஒன்றைக் கவனித்தேன். காலையில் நெஞ்சை அடைத்த வரிகளில் பாதி, மாலையில் வெறும் வரிகளாக இருந்தன. 'மேலாளர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை' என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். மாலையில் அதைப் பற்றி அரை மணி நேரம் யோசிக்க எதுவுமே இல்லை. ஆனால் ஒரு வரி மட்டும் தினமும் வந்தது, ஆறாமல் வந்தது: 'பணம்.'

ஆலோசகர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "சரி, உங்க வீட்டுக்கு மாசம் எவ்வளவு வேணும்?"

எனக்குத் தெரியவில்லை. குறியீடு நேற்று எத்தனை புள்ளியில் முடிந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அன்று இரவு மகள் தூங்கிய பிறகு இழுப்பறையை அப்படியே கழற்றி மனைவி முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மணி விழிப்பு, படிக்கட்டு, டாக்டர். அவள் கேட்டு முடித்து, "தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் காத்துட்டிருந்தேன்" என்றாள். அவளும் அந்த மூன்று மணிகளில் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். ஒரே கட்டிலில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியக்கூடாது என்று அசையாமல் கிடந்திருக்கிறோம். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கட்டியே ஆகவேண்டியவை, குறைக்கக்கூடியவை, நிறுத்தக்கூடியவை என்று மூன்று பத்தி போட்டாள். கையில் இருக்கும் சேமிப்பை மாதச் செலவால் வகுத்தால் ஏழு மாதம் வந்தது. குறைக்கவும் நிறுத்தவும் முடிந்தவற்றைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்தோம். பதினொன்று. நாளைக்கே என் வேலை போனாலும் பதினொரு மாதம் ஓட்டலாம். அதைச் சுற்றி அவள் ஒரு வட்டம் போட்டாள்.

பதினொரு மாதம் பெரிய பாதுகாப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய இரவுவரை என் மனதில் இருந்த கால அளவு அரை நிமிடம். வேலை போவதற்கும் வீடு போவதற்கும் நடுவே பதினொரு மாதம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, மூன்று மணி ஓட்டம் பழைய வேகத்தில் ஓடவில்லை. கணக்குப் போட்டு மூன்று மாதம்தான் வந்தது என்றாலும் நான் போடத்தான் சொல்வேன். மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது வேறு, அதை இன்றே தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் வட்டி அதிகமான கிரெடிட் கார்டு பாக்கியை முதலில் அடைத்தோம். சேமிப்பில் கொஞ்சம் குறைந்தது, ஆனால் மாதச் செலவும் இறங்கியதால் வட்டம் போட்ட எண் அப்படியே நின்றது. கடன் கொடுத்த வங்கிக்குப் போய், இன்னும் ஒரு தவணைகூடத் தவறாத நிலையிலேயே பேசினோம். காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்தார்கள். மொத்த வட்டி கூடத்தான் செய்யும், தெரிந்தே ஒப்புக்கொண்டோம். செய்தி பார்ப்பதைக் காலை பதினைந்து நிமிடம் என்று சுருக்கினேன். இரவில் விழித்துவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, தூக்கம் வந்த பிறகே படுக்கைக்குத் திரும்பினேன்.

ஏப்ரலில் என்னையும் அந்த அறைக்கு அழைத்தார்கள். ஐந்து மாதமாகப் பயந்த விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அன்று இரவு விடியும்வரை தூங்கினேன். வேலை போய்விடுமோ என்று தொங்கிக்கொண்டிருப்பது, போனதைவிட என் உடம்புக்குப் பாரமாக இருந்திருக்கிறது.

ஆனால் ஜூன் வாக்கில் வேறொரு சரிவு வந்தது. நிறைய நேரம் இருந்தும் எதுவும் நடக்கவில்லை. குளிக்கவே மதியமாகும். அப்போது நூலகத்தில் தற்செயலாகப் படித்தது என்னை உலுக்கியது. 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலை இழந்தது. மரி யஹோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். கட்டணமில்லாமல் புத்தகம் கிடைத்தும் மக்கள் முன்பைவிடக் குறைவாகப் படித்தார்கள். ஆண்களின் நடையே மெதுவாகிவிட்டிருந்தது. வேலை என்பது சம்பளத்தோடு நாளுக்கு ஒரு வடிவத்தையும் கொடுக்கிறது என்று யஹோடா பிற்காலத்தில் விரிவாக எழுதினார். அது நான்தான் என்று தோன்றியது. மறுநாளிலிருந்து எட்டரைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். நூலகத்தில் இரண்டு மணி நேரம் விண்ணப்பங்கள், பிறகு வேகமாக ஒரு நடை, மாலை மகளுக்குப் பாடம். விண்ணப்பங்களுக்குப் பதில் வருவது என் கையில் இல்லை. அதனால் எத்தனை அனுப்பினேன் என்பதை மட்டும் நோட்டில் எழுதினேன்.

அந்த நாட்களில் எல்லோரும், எப்போது முடியும் என்று செய்திகளைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அமெரிக்காவில் அந்தப் பொருளாதார மந்தநிலை 2009 ஜூனிலேயே முடிந்துவிட்டது. அப்படி அதிகாரப்பூர்வமாகத் தேதி குறித்துச் சொன்னது 2010 செப்டம்பரில். இடையில் 2009 அக்டோபரில் அங்கே வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. முடிந்ததாகப் பின்னால் கணக்கிடப்பட்ட காலத்தில்தான் நிறைய வீடுகளில் கஷ்டம் உச்சத்தில் இருந்திருக்கிறது. காத்திருந்தவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நானும் மணிக்கு நாலு தடவை அப்படிக் காத்திருந்தவன்தான்.

2010 ஜனவரியில் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக ஒரு வேலை கிடைத்தது. நோட்டில் அன்றைக்கு மீதம் மூன்று மாதம் என்று இருந்தது. மனைவி அதன் கீழே கோடு போட்டு மூடினாள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்து, இன்று எத்தனை மாதம் என்று வகுத்துப் பார்த்து வட்டம் போடுகிறோம். உறைகளைப் பிரிப்பது இப்போது என் வேலை.