1,380 கிலோ மணிகளுக்கு எத்தனை காகிதம்?

ஆரி வேலைக்கான கண்ணாடி மணிகளைச் சீனாவிலிருந்து நேரடியாக வரவழைப்பது என்று முடிவானதும், விலை பேசுவதுதான் பெரும்பாடு என்றார்கள். விலை எளிதாகவே படிந்தது. இழுத்தடித்தவை காகிதங்கள்.

எங்கள் சரக்கு 46 அட்டைப்பெட்டிகள், 1,380 கிலோ. முழுக் கண்டெய்னருக்குப் போதாது என்பதால், பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறைதான் வழி. இதில் கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். மணிகள் இடத்தை அடைப்பதில்லை, எடையில் இழுத்துவிடும். எங்களுக்கு 1.38 டன்னுக்கு விழுந்தது.

விற்பனையாளர் முதலில் சி.ஐ.எஃப். சென்னை, அதாவது சென்னை வரையிலான கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்து, விலை அனுப்பினார். கப்பல் வாடகை ஏறக்குறைய இனாம். இப்படி விட்டுக்கொடுத்ததை இறக்குமிடத்தில் டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் சீட்டு) கட்டணம், கையாளும் கூலி என்று வெவ்வேறு பெயர்களில் வசூலித்துவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். எஃப்.ஓ.பி. நிங்போ (சீனாவின் நிங்போ துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரைதான் விற்பனையாளர் செலவு) என்று மாற்றச் சொல்லி, சென்னையிலேயே ஒரு சரக்கு முகவரைப் பிடித்து, இங்கே ஆகும் செலவுகளை எழுத்தில் வாங்கினேன். எஃப்.ஓ.பி. என்றால் வாடகை, காப்பீட்டு ரசீதுகள் கையில் இருக்க வேண்டும். அவற்றைக் காட்ட முடியாவிட்டால், சரக்கு விலையில் 20 சதவீதத்தை வாடகையாகவும் 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் கூட்டித்தான் சுங்க வரி கணக்கிடுவார்கள்.

பில் ஆஃப் லேடிங் என்பது சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான சீட்டு. கப்பல் நிறுவனம் தரும் மாஸ்டர் பில் ஆஃப் லேடிங்கில் நம் பெயர் இருக்காது. அது முகவர்களுக்குள் நடக்கும் விவகாரம். நமக்கு உரியது, சரக்கைச் சேர்த்து அனுப்புபவர் தரும் ஹவுஸ் பில். அதன் வரைவு வந்த அன்று இறக்குமதிக் குறியீட்டுச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிறுவனப் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். எல்லாம் சரி. ஆனால் எண்ணிக்கை இருந்த இடத்தில் ‘2 பேலட்’ (பெட்டிகளை அடுக்கும் தட்டு) என்று இருந்தது. இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் 46 பெட்டிகள்.

பெட்டிகளைத்தானே பேலட்டில் அடுக்கியிருக்கிறோம், இதில் என்ன வித்தியாசம் என்று விற்பனையாளர் சலித்துக்கொண்டார். சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் விடவில்லை. “சார், கப்பல் கிளம்பும் முன்னால் மாற்றிவிடுங்கள். பிறகு என்னால் ஒன்றும் செய்ய முடியாது” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஹவுஸ் பில்லில் இருப்பதுதான் ஐ.ஜி.எம். என்ற சரக்குப் பட்டியலில் ஏறும். சுங்கத் துறையிடம் நாம் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரி அதோடு பொருந்த வேண்டும். பிறகு திருத்துவதென்றால் முகவர் சுங்கத் துறையிடம் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். அதுவரை சரக்கு, துறைமுகத்துக்கு வெளியே கண்டெய்னர்களைப் பிரிக்கும் சி.எஃப்.எஸ். கிடங்கில் வாடகைக்குக் கிடக்கும். கடைசியில் மூன்று காகிதங்களிலும் ‘2 பேலட், 46 பெட்டிகள்’ என்று ஒரே மாதிரி போடவைத்தோம். மரப் பேலட் என்பதால், வெப்பப் பதனத்துக்கான ‘எச்.டி.’ முத்திரை தெரியும்படி படமும் கேட்டு வாங்கினேன்.

மூல பில்லைக் கூரியரில் அனுப்பாமல், அங்கேயே ஒப்படைத்து டெலக்ஸ் ரிலீஸ் (மூல பில் இல்லாமலே இங்கே சரக்கைத் தரலாம் என்ற தகவல்) கொடுக்கச் சொன்னேன். மீதிப் பணம் முழுவதும் வந்த பிறகே அதைச் செய்வார்கள். ஆகவே பில்லின் நகலைப் பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்பினேன்.

கப்பல் வருவதற்கு முன்பே ஏஜென்ட் பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்துவிட்டார். தாக்கல் தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன் பின் தினம் 10,000 ரூபாய் கட்ட வேண்டும். வரி கட்டியது, சுங்க அனுமதி, டெலிவரி ஆர்டர், கேட் பாஸ் எல்லாம் சிக்கலின்றி நகர்ந்தன.

சரக்கு கடைக்கு வந்ததும் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். முன்பணம் அனுப்பிய வங்கிக்குப் பில் ஆஃப் என்ட்ரி விவரம் போய், அந்தக் கணக்கு முடிக்கப்பட வேண்டும். முடியாமல் கிடந்தால் அடுத்த முறை பணம் அனுப்பும்போது வங்கி கேள்வி கேட்கும். இறக்குமதியில் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. வரியும், உள்ளீட்டு வரி வரவைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கோப்பைக் கட்டி வைத்தேன்.